விறகு பிளக்கும் இயந்திரமும் எர்த் கம்பியும்

சாயப்பட்டறை நடத்தும் நெசவாளர் சங்கங்களுக்கு விறகு ஒரு பெருஞ்செலவு. சீமைக் கருவேல அடிமரத்தைக் கோடரியால் பிளந்து அவதியுற்ற ஊழியர்களுக்கு, மின்சார மோட்டாரால் இயங்கும் விறகு பிளக்கும் இயந்திரம் ஒரு வரப்பிரசாதமே. அதை வாங்கும் சங்கங்களை நாம் பாராட்டுகிறோம். ஆயினும், பாராட்டோடு ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டியிருக்கிறது.

ஆய்வுக்காக நாம் சென்றிருந்த ஒரு சங்கத்தில், அவ்வியந்திரம் பட்டறையின் பின்புறம் சாயநீர் ஓடும் ஈரத் தரையில் நிறுத்தப்பட்டிருந்தது. ஊழியர் ஒருவர் பலகையின் மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். காரணம் கேட்டோம். "இரும்பைத் தொட்டால் சுருக்கென்கிறது ஐயா, பலகையில் நின்றால் தெரிவதில்லை" என்று சிரித்தபடியே சொன்னார். எர்த் கம்பி மோட்டாரின் அருகே அறுந்து தொங்கிற்று. அவ்வியந்திரத்தின் வவுச்சரையும் இருப்புப் பதிவேட்டையும் முந்திய ஆண்டில் சரிபார்த்துக் கையொப்பமிட்டவர் நாமே. கம்பியை நாம் பார்க்கவில்லை. அக்குறையில் நமக்கும் பங்குண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

"பியூஸ் இருக்கிறதே, ஆபத்து வந்தால் அது எரிந்து போகாதா?" என்று காரியதரிசி வினவினார். பலரும் இவ்வாறே நம்புகின்றனர். பியூஸ் காப்பது கம்பியை, மனிதனை அன்று. உடலின் வழியே 20 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே, பிடித்த இரும்பை விட முடியாமல் கை இறுகிவிடக்கூடும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் சில வினாடிகள் பாய்ந்தால் இதயத் துடிப்பே குலைந்துவிடக்கூடும். 15 ஆம்பியர் பியூஸோ 15,000 மில்லி ஆம்பியர் வரை தாங்குவது. ஆள் மாண்ட பின்னும் அது எரியாமலே இருக்கும்.

மோட்டாருக்குள் சுருளின் காப்புறை கெட்டு, மின்சாரம் இரும்புச் சட்டத்தில் கசியுமானால், அதை மண்ணுக்குள் செலுத்துவது எர்த் கம்பி. அக்கம்பி அறுந்தால், தொட்டவரின் உடலே வழியாகிறது. ஆகவேதான் மோட்டாரின் சட்டத்துக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் வேண்டுமென்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே கூறின. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று காக்கும். மண் காய்ந்த கோடையில் எர்த் குழியின் பயன் குறையுமாதலால், குழிக்கு நீர் ஊற்றி வருவதும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் சாதனத்தைப் பொருத்துவதும் அவசியம்.

சவுக்குத் தோப்புக்கும் தென்னந்தோப்புக்கும் இயந்திரத்தைக் கொண்டு செல்லும் விவசாய அங்கத்தினர்களுக்கும் ஒரு வார்த்தை. நீண்ட, மெல்லிய ஒயரில் மின்னழுத்தம் குறைகிறது, மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறுகிறது, காப்புறை கருகுகிறது. கசிவின் தொடக்கம் அதுவே. ஒயர் போதிய பருமனுடையதாக இருக்கட்டும். நடுவே ஒட்டுப்போட்டு ஈரத்தில் கிடத்த வேண்டாம். மரம் சிக்கிக்கொண்டால், மெயின் ஸ்விட்சை அணைத்து, பியூஸைப் பிடுங்கித் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பின்னரே கையை உள்ளே நீட்ட வேண்டும்.

இவற்றைத் தனி ஊழியரின் ஜாக்கிரதைக்கு விட்டுவிடுவது நியாயமன்று. இயந்திரம் நின்றால் அன்றைய கூலி போகும் என்ற அச்சமே அவரைப் பலகையின் மேல் ஏற்றியது. எனவே ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் கமிட்டியும் மூன்று தீர்மானங்களை நிறைவேற்ற வேண்டுமென்பது நம் கருத்து. எர்த், ஆர்.சி.சி.பி. ஆகியவற்றின் செலவு இயந்திரத்தின் விலையிலேயே சேர்க்கப்பட வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு குறித்த காலத்தில் சோதித்து, பதிவேட்டில் எழுத வேண்டும். "சுருக்கென்கிறது" என்று எவர் சொன்னாலும் இயந்திரத்தை உடனே நிறுத்த வேண்டும். அந்நாளின் கூலியைச் சங்கமே ஏற்க வேண்டும்.

இது வீண் செலவு எனச் சிலர் கூறலாம். ஆனால் அங்கத்தினரின் உழைப்பைக் காக்கவே சங்கம் தோன்றியது. உழைப்பவரைக் காவாமல் உழைப்பைக் காத்தல் எங்ஙனம்?

நாம் கண்ட சங்கத்தில் இயந்திரம் உடனே நிறுத்தப்பட்டது. கம்பி மாற்றிய பின்னரே மீண்டும் ஓடியது. இனி ஆய்வுக்குச் செல்லுமிடமெல்லாம், வவுச்சரைக் கேட்குமுன் எர்த் கம்பியைக் காட்டும்படி கேட்பது என்று உறுதி பூண்டிருக்கிறோம்.