ஃபார்மட் அடிப்பதற்கு முன்...

கணினி மெதுவாக ஓடினால் "ஃபார்மட் அடிச்சிடலாம்". திரை திடீரென்று கறுத்துப் போனாலும் "ஃபார்மட் அடிச்சிடலாம்". தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற வைத்தியம் இது! இதில் போவது என்ன தெரியுமா? அக்கா கல்யாணப் படங்கள், பாதி முடிந்த பிராஜக்ட் ரிப்போர்ட்... போனபின் வருவது கஷ்டம்.

முதலில் நோயைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சி டிரைவ் நிரம்பிக் கணினி திணறினால் தற்காலிகக் கோப்புகளைப் பாருங்கள். மென்பொருள்கள் வேலைக்கு நடுவே எழுதி வைப்பவை இவை. வேலை முடிந்ததும் அவையே அழித்துவிட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் குப்பை அப்படியே தங்கிவிடும். கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, விண்டோஸ் பொத்தானுடன் 'ஆர்' எழுத்தை அழுத்தி, %டெம்ப்% என்று ஆங்கில எழுத்துகளில் அடித்தால் அந்த ஃபோல்டர் திறக்கும். உள்ளே இருப்பதை அழிக்கலாம். பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லி மறுப்பவற்றை விட்டுவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: சில மெயில் மென்பொருள்களில் இணைப்பை நேராகத் திறந்து திருத்தினால், அது தற்காலிக ஃபோல்டரில்தான் சேமிக்கப்படும். அழிக்கும் முன் ஒருமுறை பார்ப்பது நல்லது.

திரை கறுத்து மீண்டும் வருகிறதா? கேம் பாதியில் நிற்கிறதா? ஐகான்கள் பூதாகாரமாகத் தெரிகின்றனவா? டெம்ப் ஃபோல்டரைக் காலி செய்து பயனில்லை. சந்தேகப்பட வேண்டியது கிராஃபிக்ஸ் டிரைவரை. விஸ்டா முதல், கிராஃபிக்ஸ் கார்டு சுமார் 2 விநாடி பதில் தராவிட்டால் விண்டோஸ் அந்த டிரைவரை மட்டும் மறுபடி துவக்கும். அதுதான் அந்தக் கண நேர இருட்டு.

அப்டேட்டுக்குப் பிறகு தொல்லை தொடங்கியிருந்தால், டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்தால் பழைய டிரைவர் திரும்பும். 2001-இல் எக்ஸ்பியுடன் வந்த வசதி, இன்றும் இருக்கிறது! அங்கே 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால், சரியான டிரைவரே இல்லை என்று பொருள். தயாரிப்பாளர் தளத்தில் அதே மாடலுக்கு உரியதை இறக்கிப் போட வேண்டும். திரையே சரியாக வராவிட்டால் சேஃப் மோடில் போய்ச் செய்யலாம்.

விண்டோஸ் துவங்கும் முன்பே, பயாஸ் திரையிலேயே கோடுகள் தெரிந்தால்? கார்டிலோ கேபிளிலோ மானிட்டரிலோ கோளாறு. நூறு முறை ஃபார்மட் அடித்தாலும் கோடு போகாது. பழுதான டிரைவரும் அப்படித்தான்: ஃபார்மட்டுக்குப் பிறகு அதையே மறுபடி போட்டால் அதே தொல்லை திரும்பும். படங்கள் மட்டும் திரும்பாது.

ஃபார்மட் கூடவே கூடாது என்பதில்லை. வைரஸ் முற்றிய கணினிக்கு அது தேவைப்படலாம், அதுவும் எல்லாவற்றையும் பிரதி எடுத்த பிறகு. ஆகவே நண்பர்களே, அடுத்த முறை சர்வீஸ்காரர் "ஃபார்மட்" என்று ஆரம்பித்தால், "என்ன கோளாறு அண்ணே?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் கணினியைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுங்கள்!