நாற்றம் என்பது பாதி வேலை

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைத் தோழர்கள் கேட்டபோது, "கவிதையா, கட்டுரையா?" என்றேன். "கவிதை ஏற்கெனவே முப்பத்தெட்டு வந்திருச்சுப்பா, அதுல முப்பது காதல். நீயாவது வேற எதையாவது எழுது" என்றார்கள். சரி என்று நாற்றத்தைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சேலம், ஆத்தூர், நாமக்கல் பக்கமிருந்து வரும் தோழர்களுக்கு எந்த நாற்றம் என்று விளக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் அசந்து தூங்கினாலும் மூக்கு எழுப்பிவிடும்: சேகோ ஃபேக்டரி வந்தாச்சு! வெளியூர்க்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். நாங்கள் சாத்த மாட்டோம். எங்கள் ஊர் வந்துவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்போம்.

எங்கப்பா ஒரு சேகோ ஃபேக்டரியில் சல்லடைப் பக்கம் இருபது வருஷம் வேலை பார்த்தவர். ஜவ்வரிசிதான் எனக்கு ஃபீஸ் கட்டியது. ஆகவே இது ஃபேக்டரிக்கு எதிரான கட்டுரை என்று யாரும் கொடி பிடிக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோக, 1943-இல் சேலத்தில் குச்சிக்கிழங்கிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். குடிசைத் தொழிலாக ஆரம்பித்தது, 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவாகும் அளவுக்கு வளர்ந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெருமைதான். பாயசத்தில் முத்து முத்தாக மிதப்பது எங்கள் ஊர் உழைப்பு!

ஆனால் அந்த முத்து உருவாக எவ்வளவு தண்ணீர் போகிறது தெரியுமா? கிழங்கைக் கழுவித் தோல் சீவ வேண்டும். அரைத்த கிழங்கைத் தண்ணீர் விட்டு விட்டுச் சலிக்க வேண்டும். வடிந்த பாலைத் தொட்டியில் தெளிய வைத்து, அடியில் படியும் மாவை எடுத்துக் குலுக்கி உருட்டி, வறுத்து, களத்தில் காய வைக்க வேண்டும். சல்லடையில் தங்குவது திப்பி. அது மாட்டுத் தீவனமாகப் போய்விடும். தெளிந்த தண்ணீர்? அதுதான் வாய்க்காலுக்கு வந்து, நாம் மூக்கைப் பிடிக்கக் காரணமாகிறது.

இங்கே கொஞ்சம் பாடம். எங்க அப்பாயி கஞ்சிப் பானையில் யாராவது எச்சில் கையை வைத்தால் அடிக்க வருவார். "எச்சக் கைய வெச்சா கஞ்சி நீத்துப் போயிரும்டா!" பழமை பேசுகிறது கிழவி என்று நான் சிரித்ததுண்டு. சிரித்திருக்கக் கூடாது. நம் எச்சிலில் அமிலேஸ் என்ற என்சைம் இருக்கிறது. மாவுச்சத்து ஒரு நீளச் சங்கிலி. அமிலேஸ் அதைக் கத்தரித்துப் போடும் கத்தரிக்கோல். சங்கிலி அறுந்தால் கெட்டிக் கஞ்சி நீர்த்துப் போகும், லேசாக இனிக்கவும் செய்யும். 1833-இல் பாரிஸில் பேயன், பெர்சோ என்ற இரண்டு பேர் முளைகட்டிய பார்லியிலிருந்து இதே கத்தரிக்கோலைப் பிரித்தெடுத்தார்கள். உயிருள்ள ஈஸ்ட் இருந்தால்தான் சர்க்கரை சாராயமாகும் என்று பெரிய பெரிய ஆட்கள் நம்பியிருந்தபோது, ஈஸ்டை நசுக்கிப் பிழிந்த சாறே போதும் என்று 1897-இல் எட்வர்ட் புக்னர் காட்டினார். அதற்கு 1907-இல் நோபல் பரிசு. இன்று அதே குச்சிக்கிழங்கு மாவைக் கொதிநிலை வெப்பத்தையும் தாங்கும் பாக்டீரியா அமிலேஸால் நீர்க்க வைத்து, பிறகு 60 டிகிரிக்கு ஆறவிட்டு, பூஞ்சையிலிருந்து எடுத்த வேறொரு என்சைமைச் சேர்த்தால் குளுக்கோஸ் சிரப் கிடைக்கிறது. முன்காலத்தில் இதற்கு ஆசிட் ஊற்றிக் கொதிக்க வைத்தார்கள். அப்பாயி சொன்னதைத்தான் தொழிற்சாலை செய்கிறது, எச்சில் மட்டும் இல்லை!

கிழங்குக்குள்ளேயே கூட ஒரு என்சைம் உட்கார்ந்திருக்கிறது. லினமரின் என்ற பொருள் ஓரிடம், அதை உடைக்கும் லினமரேஸ் வேறிடம் என்று தனித்தனியாக இருக்கும். அரைத்தவுடன் இரண்டும் சந்திக்கும், ஹைட்ரஜன் சயனைடு வெளியேறும். தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போவதால் ஜவ்வரிசி நமக்கு நல்ல உணவு. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போகிற ஆட்டை நினைத்துப் பாருங்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். கொஞ்சம் வெட்கக் கதை.

இன்-பிளான்ட் டிரெய்னிங்குக்கு எங்கள் பக்கத்து ஃபேக்டரி ஒன்றுக்குப் போனேன். நான் மெக்கானிக்கல். பம்ப், ஷாஃப்ட், பேரிங் என்று நோட்டில் குறிக்கப் போனவனை, பின்புறமிருந்த காஸ் தொட்டிப் பக்கம் விட்டார்கள். கழிவு நீர் அடியில் நுழைந்து மேலே ஏறும். வழியில் கருப்புச் சேறு ஒரு மெத்தை போல நிற்கும். அதில் வாழும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ளதைத் தின்று மீத்தேனாக்கும். 1970-களில் ஹாலந்தில் காட்சே லெட்டிங்கா என்பவர் சர்க்கரை பீட் ஆலைக் கழிவுக்காக உருவாக்கிய முறை. மனுஷன் அதற்குப் பேடண்ட் கூட வாங்கவில்லை! உள்ளே சுழலும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. இதில் மெக்கானிக்கல்காரனுக்கு என்ன வேலை என்று எனக்கு ஒரே சலிப்பு.

பொங்கலுக்குப் பத்து நாள் லீவு விட்டு ஃபேக்டரி மறுபடி ஓட ஆரம்பித்தது. கழிவுக் குழி நிறைந்து வழிகிறது. தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஊரிலிருந்து வரவில்லை. "தம்பி, வால்வைத் தொறந்து விடு, முழுசா ஓடட்டும்" என்றார் சூப்பர்வைசர். திறந்துவிட்டேன். மற்ற மிஷின் எல்லாம் முழு லோடில் ஓடுகிறது, இது மட்டும் என்ன மாப்பிள்ளையா?

மூன்றாம் நாள் பர்னர் பற்றவில்லை. பர்னரைக் கழற்றினோம். காஸ் பைப்பை ஊதினோம். ஒரு வால்வை மாற்றினோம். பம்பைச் சந்தேகப்பட்டு அதையும் பிரித்தோம். ஐந்தாம் நாள் அந்த அண்ணன் வந்தார். வெளியே வரும் நீரில் ஒரு பி.எச். தாளை முக்கிப் பார்த்து, "பால் திரிஞ்சு போச்சு. யாரு தொறந்தது?" என்றார். நான் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் படித்தது எட்டாவது. அவர் அன்று சொல்லித் தந்ததுதான் நான் இங்கே எழுதுவது. தொட்டிக்குள் இருப்பது ஒரு கூட்டமல்ல, பல கூட்டம். முதல் கூட்டம் என்சைமை விட்டு மாவை அறுத்துச் சர்க்கரையாக்கும். அடுத்த கூட்டம் சர்க்கரையை அசிட்டிக், புரோபியோனிக், பியூட்டிரிக் என்று அமிலங்களாக்கும். கடைசிக் கூட்டம்தான் காஸ் தருகிறவர்கள். முதலிரண்டு கூட்டமும் மணிக்கணக்கில் இரட்டிப்பாகும், எதையும் தாங்கும். கடைசிக் கூட்டத்துக்கு நாள்கணக்கு ஆகும், பி.எச். ஏழை ஒட்டி இருந்தால்தான் வேலை செய்யும். பத்து நாள் பட்டினி கிடந்தவர்களுக்கு ஒரே நாளில் விருந்து வைத்தால்? முன்னால் இருப்பவர்கள் அமிலத்தைக் கொட்டித் தள்ளுவார்கள், பின்னால் இருப்பவர்கள் அதைத் தீர்க்க முடியாமல் அந்த அமிலத்திலேயே மூழ்கிப் போவார்கள். நான் திறந்த வால்வு செய்தது அதுதான்.

நண்பர்களே, அந்த பியூட்டிரிக் அமிலம் இருக்கிறதே, கெட்டுப்போன வெண்ணெயில் வீசுவதும் அதுதான், எங்கள் ஊர் வாய்க்காலில் வீசுவதில் பெரும்பங்கும் அதுதான். இது தெரிந்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நுண்ணுயிரைக் கொண்டு கழிவைப் பயனாக்குவது ஏதோ வெளிநாட்டுப் புது டெக்னாலஜி, நம் ஊருக்கு எப்போது வரும் என்று நாம் பேசுகிறோம். அது வாய்க்காலில் எப்போதோ வந்து வேலையை ஆரம்பித்துவிட்டது! சம்பளம் கேட்காமல் ராத்திரி பகலாகச் செய்கிறது. நாம்தான் அதற்கு மூடிய தொட்டியும், அளவான சாப்பாடும், பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் தராமல் பாதி வேலையில் நிறுத்தி வைத்திருக்கிறோம். நாற்றம் என்பது அந்தப் பாதி வேலை. மீதிப் பாதியையும் முடிக்க விட்டால் 1 கிலோ மாவுச்சத்திலிருந்து சுமார் 400 லிட்டர் மீத்தேன் வரும். ஏறக்குறைய 300 கிராம் சமையல் காஸ் எரிகிற சூடு அதில் இருக்கிறது. விறகுக்குக் காசு கொடுத்துவிட்டு இதைத் தரையில் ஊற்றுகிறோம்.

என் தொட்டி சரியாக நாற்பது நாள் ஆனது. சாப்பாட்டை நிறுத்தி, சுண்ணாம்பு கரைத்து ஊற்றி, நன்றாக ஓடுகிற வேறொரு தொட்டியிலிருந்து டேங்கரில் சேறு கொண்டுவந்து விட்டு, பிறகு குழந்தைக்கு ஊட்டுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக. அந்த நாற்பது நாளும் கழிவு நீர் அரைகுறையாகத்தான் வெளியே போனது. ஆடு மேய்க்கும் ஒரு பாட்டி என்னை வழியில் நிறுத்தி, "ஏஞ்சாமி, என்னத்தத் தொறந்து விட்டீங்க? கெணத்துத் தண்ணி வாயில வெக்க முடியல" என்றார். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல? டிரெய்னிங் சர்டிபிகேட்டில் எனக்கு 'வெரி குட்' போட்டுக் கொடுத்தார்கள். அதை அம்மாவிடம் காட்டவில்லை.

என் கருத்து இதுதான். இந்தத் தொட்டிகள் பல இடங்களில் படுத்துவிடுவதற்கு மிஷின் காரணமில்லை, ஆள் காரணம். "பாக்டீரியாவைப் பார்த்துக்க ஒரு ஆளாய்யா?" என்று முதலாளி சிரிக்கிறார். பாய்லருக்கு ஆள் வைக்கிறார், ஜெனரேட்டருக்கு ஆள் வைக்கிறார். இது மட்டும் தானாக ஓட வேண்டும், படுத்தால் 'ஏமாத்து வேலை' என்று மூடிவிட வேண்டும்! அரசு கண்டிப்பாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். கண்டிப்பு வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆபீசர் வரும் நாளில் மட்டும் வேலை செய் என்று நுண்ணுயிரிடம் சொல்ல முடியாதே.

அந்த ஆள் யார்? எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி படித்தவரைக் கழிவுக் குழிப் பக்கம் நிற்க வைக்க எந்த ஃபேக்டரியாலும் முடியாது. எட்டாவது படித்த அண்ணனுக்குத் தெரிகிறது, ஆனால் அவர் ஊருக்குப் போனால் அறிவும் கூடவே போய்விடுகிறது. எழுதி வைக்க ஆளில்லை. நடுவில் இருப்பவர்கள் நாம்தான், டிப்ளமாக்காரர்கள். முதல் வருஷக் கெமிஸ்ட்ரி லேபில் கடனே என்று செய்தோமே டைட்ரேஷன், ரீடிங்கைக் கூடப் பக்கத்து டேபிளில் பார்த்து எழுதினோமே! அதே ப்யூரெட்டை வைத்துத்தான் தொட்டி நீரில் அமிலம் எவ்வளவு, காரத்தன்மை எவ்வளவு என்று அளக்கிறார்கள். அமிலம் காரத்தன்மையில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் பயமில்லை. அது ஏற ஆரம்பித்தால் பி.எச். இறங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். நான் பி.எச். தாளைக் கூடப் பார்க்காமல் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஐந்து நாள் ஓடினேன். மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிகல் எதுவானாலும், நம் மாவட்டத்துத் தொழிலில் பாதி இப்படி உயிருள்ள மிஷினில் ஓடும்போது, அதைப் பற்றி ஒரு பேப்பராவது எல்லோருக்கும் வேண்டாமா? 'இது கெமிக்கல்காரன் வேலை' என்று கேன்டீனில் என்னிடம் சண்டைக்கு வந்த நண்பரே, வால்வைத் திறந்தது மெக்கானிக்கல்காரன்தான்.

திப்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. காய்ந்த திப்பியில் பாதிக்கு மேல் மாவுச்சத்து இன்னும் இருக்கிறது. 2018-இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, எத்தனால் செய்ய மரவள்ளியையும் ஒரு மூலப்பொருளாகச் சொன்னது. உடனே 'திப்பியை எல்லாம் எத்தனாலாக்கலாம்' என்று சிலர் கிளம்பிவிட்டார்கள். முடியும், என்சைம் இருக்கிறது. எனக்கென்னவோ அதில் அவசரம் இல்லை. எங்கள் தெருவில் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றும் அக்காமார்களுக்குத் திப்பிதான் மலிவுத் தீவனம். யாருக்கும் பயனில்லாமல் கிணற்றைக் கெடுக்கும் தண்ணீர் இருக்கும்போது, மாட்டு வாயிலிருந்து எடுத்துத்தான் காருக்கு ஊற்ற வேண்டுமா?

கடைசியாக, பேரவைக்கு ஒரு மனு. நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் தினமும் மீந்து கொட்டுகிற சோறும் வடிகஞ்சியும் மாவுச்சத்துதான். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் இரண்டு, பைப், ஒரு ட்யூப், ஒரு டப்பா பி.எச். தாள், சாணி. சாணி கொண்டுவருவது என் பொறுப்பு. எஸ்டிமேட் எழுதிச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். மூன்று பிராஞ்சிலிருந்தும் ஆளுக்கு இருவர் முறை வைத்து, தினம் காலை ரீடிங் எடுத்து நோட்டில் எழுத வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும்தான். முதல் நாற்பது நாள் நாறும். 'பி' பிளாக் தோழர்கள் பொறுத்துக்கொள்ளவும்; வால்வை மட்டும் யாரும் தொடாதீர்கள்.