டிஸ்க் போச்சு என்று யார் சொன்னது?

கணினியில் ஒரு டிவிடி திக்கித் திக்கி ஓடினால் நம் ஊரில் இரண்டே தீர்ப்புதான். கடைக்காரர் "டிஸ்க் போச்சு" என்பார். வீட்டில் படிக்கிற பிள்ளை, "இந்தக் காலத்துல யாரும்மா டிவிடி பாக்குறா, தூக்கிப் போடு" என்பான். இரண்டுமே விசாரிக்காமல் எழுதிய தீர்ப்பு. தூத்துக்குடியில் கணினி பழுது பார்க்கும் கடை நடத்துகிறவள் நான். (கடைக்குள் நுழைந்து என்னையே பார்த்து "ஓனர் இல்லியாம்மா?" என்று கேட்பவர்கள் இன்னும் குறைந்தபாடில்லை.) என் மேசைக்கு வருகிற டிஸ்க்குகளில் உண்மையிலேயே செத்துப் போனவை குறைவு. பெரும்பாலும் கோளாறு படிக்கிற டிரைவில் இருக்கும், வயரில் இருக்கும், இல்லாவிட்டால் விண்டோஸுக்குள் ஏதோ ஒரு மூலையில் இருக்கும்.

வருகிறவர்கள் சினிமா பார்க்க வருகிறவர்கள் இல்லை. கல்யாணம், பூப்புனித நீராட்டு, மகளின் அரங்கேற்றம், இறந்துபோன அப்பா பட்டிமன்றத்தில் பேசியது, அம்மாவின் எம்ஆர்ஐ ஸ்கேன் என்று கையில் கொண்டு வருகிறார்கள். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஸ்டூடியோக்கள் விசிடியில் கொடுத்தன, பிறகு டிவிடி. டிஸ்க் அவ்வளவு மலிவாகிப்போன காலம் அது. மோசர் பேர் நிறுவனம் 2007இல் சினிமா விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது, டிஸ்க் என்றாலே தூக்கிப் போடுகிற சாமான் என்ற எண்ணம் வந்துவிட்டது. கடையில் வாங்கிய சினிமாவைத் தூக்கிப் போடலாம், இன்னொன்று கிடைக்கும். மகள் கல்யாணம் எங்கே கிடைக்கும்? ஸ்டூடியோக்காரர் கேசட்டை அழித்து அடுத்த முகூர்த்தத்துக்குப் பயன்படுத்தி எத்தனையோ வருடமாகியிருக்கும்.

நான் முதலில் செய்வது ஒன்றுதான்: டிஸ்க்கை ஓட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, நகல் எடுக்கப் பார்ப்பேன். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. படம் ஓடும்போது டிரைவுக்கு அவகாசம் கிடையாது. நொடிக்கு நொடி தரவைக் கொடுத்தே ஆக வேண்டும். ஓர் இடத்தில் தடுக்கினால் திரும்பத் திரும்பப் படித்துப் பார்ப்பதற்குள் திரையில் படம் உறைந்துவிடும். நகல் எடுக்கும்போது அந்த அவசரம் இல்லை. ஒரே இடத்தைப் பத்து தரம் படித்து, வேகத்தைக் குறைத்துக்கொண்டு, மெதுவாக எடுத்துவிடும். நகல் முழுதாக வந்துவிட்டால் டிஸ்க்கில் குற்றமில்லை. ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஓட்டினால் வழுக்கிக்கொண்டு ஓடும். வராவிட்டால் வேறு ஒரு டிரைவில் போடுகிறேன். இரண்டு டிரைவிலும் ஒரே இடத்தில் நின்றால் அடி டிஸ்க்கில். ஒன்றில் நின்று மற்றதில் ஓடினால், அல்லது நிற்கிற இடம் ஒவ்வொரு தரமும் மாறினால், டிரைவைத்தான் சந்தேகப்பட வேண்டும். இந்தச் சோதனைக்குப் பெரிய படிப்பு வேண்டாம். பக்கத்து வீட்டு டிரைவ் போதும். இதைக்கூடச் செய்யாமல் "போச்சு" என்று சொல்கிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

போன ஐப்பசி மழையில் முத்தையாபுரம் பக்கமிருந்து ஓர் அண்ணாச்சி வந்தார். மகளின் கல்யாண டிவிடி. மாப்பிள்ளை அழைப்பு சரியாக ஓடுகிறதாம். தாலி கட்டுகிற நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடைகிறதாம். வேறொரு கடையில் டிஸ்க் கீறல் விழுந்துவிட்டது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. திருப்பினால் மேலே மணமக்கள் படம் அச்சடித்த காகித ஸ்டிக்கர். ஒரு ஓரம் ஈரத்தில் உப்பி, ஒரு பக்கம் தள்ளி ஒட்டியிருந்தது. டிரைவில் போட்டதும் கிர்ர் என்று மேசையே அதிர்ந்தது.

அது ஏன் தாலி கட்டும் நேரத்தில் மட்டும்? சிடியும் டிவிடியும் உள்வட்டத்தில் தொடங்கி வெளிவிளிம்பை நோக்கி எழுதப்படுகின்றன. டிஸ்க் நிறைய எழுதியிருந்தால் படத்தின் பின்பாதி விளிம்போரமாக இருக்கும். கைரேகை படுவதும் வெயில் படுவதும் அங்கேதான்; ஸ்டிக்கர் உப்பி டிஸ்க் வளைந்தால் அதிகம் ஆடுவதும் அங்கேதான். டிவிடியில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, 0.74 மைக்ரான். கணினி டிரைவ் முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,000 சுற்று வரை சுழற்றும். அந்த வேகத்தில் ஒரு பக்கம் கனத்த டிஸ்க்கைப் பிடித்துப் படிக்க லென்ஸ் எங்கே போகும்? வேகத்தைக் குறைக்கும் சின்ன மென்பொருள்கள் உண்டு. லினக்ஸில் ஒரே வரிக் கட்டளை. நான்கு மடங்கு வேகத்துக்கு இறக்கினேன். அதிர்வு நின்றது. அண்ணாச்சி டீ குடித்துவிட்டு வருவதற்குள் நகல் முடிந்திருந்தது. ஸ்டிக்கரைப் பிய்த்துவிடலாமா என்று கேட்டார். பிய்க்கவே கூடாது. சிடி என்றால் அதோடு சேர்ந்து படம் பதிந்த பூச்சும் உரிந்து வந்துவிடும்.

ஏனென்றால் சிடியில் தரவு இருப்பது நாம் நினைக்கிற அடிப்பக்கத்தில் இல்லை. பேர் எழுதுகிற மேல்பக்கத்துக்கு நேர் கீழே, மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி "மாலதி சீமந்தம்" என்று எழுதினாலே சேதம்தான். டிவிடியில் தரவு நடுவில், 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டுக்கு இடையில் இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கும்.

பற்பசை வைத்தியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடிப்பக்கத்து மேலோட்டமான கீறலை மெருகேற்றினால் சில சமயம் படிக்கும், உண்மை. ஆனால் நம் ஆட்கள் பாத்திரம் விளக்குவதுபோல வட்டம் வட்டமாகத் தேய்க்கிறார்கள். தரவு ஓடுவதும் வட்டமாகத்தான். நடுவிலிருந்து விளிம்புக்குப் போகிற கீறலை டிரைவின் பிழைதிருத்தக் கணக்கு ஈடுகட்டிவிடும், ஏனென்றால் ஒரு சுற்றில் சிறு துண்டுதான் போகிறது. வட்டப் போக்கில் விழும் கீறல் தொடர்ச்சியாக ஒரு நீளத்தையே விழுங்கிவிடும். பழைய வேட்டித் துணி, சுத்தமான தண்ணீர், அழுக்கு பிடித்திருந்தால் ஒரு சொட்டு சோப்பு, நடுவிலிருந்து வெளியே நேர்கோட்டில் துடைத்தல். இதற்கு மேல் வேண்டாம். பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக் மங்கிவிடும்.

இனி டிரைவ். "அக்கா, சிடி ஓடுது, டிவிடி மட்டும் ஓட மாட்டேங்குது" என்று வருகிறவரிடம் நான் டிஸ்க்கைக் கேட்பதே இல்லை. சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. ஒரே லென்ஸ் வழியாக வந்தாலும் இரண்டும் வேறு வேறு. ஒன்று தளர்ந்து மற்றது நன்றாக இருக்கலாம். லேப்டாப் டிரைவில் தட்டை இழுத்தால் லென்ஸ் கண்ணெதிரே தெரியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட பஞ்சுக் குச்சியால் அழுத்தாமல் ஒற்றி எடுத்தாலே பாதி டிரைவ்கள் எழுந்துவிடுகின்றன. எங்கள் ஊர்க் காற்றில் உப்பும் தூசியும் சேர்ந்து லென்ஸ் மேல் ஒரு படலம் கட்டிவிடும்.

இப்போது லேப்டாப்பில் டிரைவே வருவதில்லை, யுஎஸ்பியில் செருகுகிற டிரைவ் வாங்குகிறார்கள். அதில் படம் நின்று நின்று ஓடினால் முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். சாதாரண யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும். டிஸ்க்கைச் சுழற்றித் தொடங்குகிற நேரத்தில் மோட்டார் அதைவிடக் கூடுதலாக இழுக்கும். சில டிரைவ்களுக்கு இரண்டு முனை உள்ள வயர் தருவது அதற்காகத்தான். வாங்கிய அன்றே ஒரு முனையைச் சுருட்டி டப்பாவில் போட்டுவிடுகிறோம். நான்கு துளை ஹப்பில் பென்டிரைவ், மவுஸ், செல்போன் சார்ஜர் எல்லாவற்றோடும் சேர்த்துச் செருகிவிட்டு டிரைவைத் திட்டிப் பயனில்லை.

விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிற பழைய பெட்டிகள் கடைகளிலும் ஆபீஸ்களிலும் இன்னும் இருக்கின்றன. அதில் ஒரு வினோதம். ஐடிஇ டிரைவைப் படிக்கையில் பிழை வந்துகொண்டே இருந்தால், விண்டோஸ் தானாகவே டிஎம்ஏ முறையை விட்டு பிஐஓ என்ற பழைய முறைக்கு இறங்கிவிடும். சொல்லவும் சொல்லாது, திரும்ப ஏறவும் ஏறாது. அதன்பின் ஒவ்வொரு பைட்டையும் பிராசஸரே சுமக்க வேண்டும். படம் திக்கும், ஒலி கரகரக்கும், மவுஸ்கூட இழுக்கும். ஒரே ஒரு கெட்ட டிஸ்க்கைப் போட்ட பாவத்துக்கு அதன்பின் எல்லா நல்ல டிஸ்க்கும் திக்கும். டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலை நீக்கிவிட்டு மறுபடி தொடக்கினால் சரியாகிவிடும். இதற்காகப் புது டிரைவ் விற்ற கடைகளை எனக்குத் தெரியும்.

விண்டோஸ் 8 வந்தபோது, 2012இல், டிவிடி படம் ஓட்டும் வசதியையே மைக்ரோசாஃப்ட் அடிப்படைப் பதிப்பிலிருந்து எடுத்துவிட்டது. டிஸ்க்கைப் போட்டால் கோப்புகள் தெரியும், படம் வராது. அதற்கும் டிஸ்க்குக்கும் சம்பந்தமில்லை. விஎல்சி பிளேயரை இலவசமாக இறக்கிக்கொண்டால் போதும். கப்பலில் வேலை பார்க்கிற பிள்ளைகள் வெளியூரில் வாங்கி வந்த டிவிடிகளுக்கு மண்டலப் பூட்டு இருக்கும்: இந்தியா 5, அமெரிக்கா 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2. டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம், கடைசியாக வைத்தது அப்படியே நின்றுவிடும். பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள்.

விசிடி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சாதாரண தரவு சிடியில் இருக்கிற இரண்டாம் அடுக்குப் பிழைதிருத்தம் விசிடி படத்துக்குக் கிடையாது. அந்த இடத்தையும் படத்துக்கே எடுத்துக்கொண்டதால்தான் ஒரு டிஸ்க்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அடங்கியது. அதனால் சிறு கோளாறும் பச்சைக் கட்டமாகத் தெரியும், விண்டோஸில் இழுத்து நகலெடுத்தால் பாதியில் பிழை காட்டி நின்றுவிடும். ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள் கெட்ட இடத்தைத் தாண்டி மீதியை எடுத்துத் தரும். டிவிடிக்கு லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ இருக்கிறது. ஒரு டிரைவில் எடுக்க முடியாத பகுதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, வேறு டிரைவில் போட்டால் அந்த இடங்களை மட்டும் தேடிப் போய் எடுக்கும். டிஸ்க் மோசமாக இருந்தால் இரவு முழுக்க ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். சில நொடி முகூர்த்தம் போயிருக்கும், மீதி கிடைத்துவிடும்.

இதெல்லாம் எவ்வளவு நாள் முடியும் என்பதுதான் கவலை. எழுதப்பட்ட டிஸ்க்கில் தரவைத் தாங்கி நிற்பது ஒரு சாயப் பூச்சு. சூடும் வெயிலும் அதை அரிக்கும். டிவி பெட்டிக்கு மேல் சன்னலோரம் அடுக்கிவைத்தது முதலில் போகும். டிரைவ் செய்கிறவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். எழுதக்கூடிய புளூரே டிஸ்க் உற்பத்தியை சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. படிக்க டிரைவ் கிடைக்கிற காலத்திலேயே எடுத்துவிட வேண்டும்.

ஸ்கேன் சென்டர்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எம்ஆர்ஐ எடுத்ததும் கையில் ஒரு சிடியைத் திணித்து அனுப்புகிறீர்கள். அதை வாங்கிக்கொண்டு போகிற அம்மாவின் வீட்டில் டிரைவ் கிடையாது, டாக்டரின் மேசையிலும் பல இடங்களில் இல்லை. அந்த சிடி என் கடைக்குத்தான் வருகிறது, நோயாளியின் படங்களை முன்பின் தெரியாத நான் பிரதி எடுத்துக் கொடுக்கிறேன். சிடியோடு ஒரு பென்டிரைவிலும் போட்டுக் கொடுத்தால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்?

வீட்டில் டிஸ்க் வைத்திருக்கிறவர்கள், திக்கினால் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்காதீர்கள். துடையுங்கள், வேறு டிரைவில் போடுங்கள், நகல் எடுங்கள், அதை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரு டிவிடி 4.7 ஜிபி. 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ஆறு டிவிடி அடங்கும்.