அளவைச் சொல், யாரென்றும் சொல்

'எல்லோரும் வந்துவிட்டார்கள்' என்கிறோம். யார் அந்த எல்லோரும்? இதை லோஜ்பானில் பெயர்க்க முனைபவர் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. 1955இல் ஜேம்ஸ் குக் பிரவுன் தொடங்கிய லோக்லானிலிருந்து 1987இல் கிளைத்த இந்தச் செயற்கை மொழி, பயனிலைத் தருக்கத்தின் மேல் கட்டப்பட்டது. அதில் 'ரோ' என்றால் ஒவ்வொன்றும்; வெறுமனே விட்டால் உலகிலுள்ள அத்தனையும் அதற்குள் வந்துவிடும். ஆகவே 'பொய்' என்ற இடைச்சொல்லால் வட்டத்தைக் குறுக்க வேண்டும். வகையைக் குறுக்காமல் கூடுதல் செய்தி மட்டும் தர 'நொய்' இருக்கிறது. 'உழைத்த மாணவர்கள் வென்றார்கள்' என்னும் தமிழ்ப் பெயரெச்சம் இவ்விரண்டு பொருளுக்கும் இடம் தருகிறது. அளவுச்சொற்களின் வரிசையும் பொருளை மாற்றும்: 'மூன்று மாணவர் இரண்டு நூல் படித்தனர்' என்பதை அதே வரிசையில் பெயர்த்தால் ஒவ்வொருவருக்கும் இரண்டு, நூல்கள் ஆறு வரை போகலாம்.

சூழலே பொருளை விளக்கிவிடும்போது இந்தக் கெடுபிடி எதற்கு என்று கேட்கலாம். நேர்ப்பேச்சில் அது நியாயமான கேள்வி. லோஜ்பானும் 'லோ' என்ற சொல்லால் அளவைச் சொல்லாமல் விட அனுமதிக்கிறது. ஆனால் சட்டத்தையும் ஒப்பந்தத்தையும் படிப்பவர் எழுதியவரின் சூழலில் இல்லை. அங்கே வரம்பை எழுத்திலேயே வைப்பதுதான் நேர்மை.