மறைக்க ஒன்றுமில்லையா?

'மறைக்க ஒன்றுமில்லாதவர் வீட்டுக் கேமராவுக்கு ஏன் அஞ்ச வேண்டும்?' என்கிறார்கள். உடை மாற்றுவது குற்றமா? ஆனாலும் அதை மறைவில்தானே செய்கிறோம்? இன்று அமேசானிடம் உள்ள ரிங் என்ற வீட்டுக் கேமரா நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் 2017இல் பெண்களின் படுக்கையறை, குளியலறைப் பதிவுகளை ஆயிரக்கணக்கில் பார்த்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023இல் குற்றஞ்சாட்டியது. ரிங் 58 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அங்கே பூட்டை உடைத்த திருடன் யாருமில்லை. சாவியே நிறுவனத்திடம்தான் இருந்தது.

'கேமராவின் கடவுச்சொல்லை மாற்றாதது உங்கள் தவறு' என்பது இன்னும் கொடுமை. 2016இல் மிராய் என்ற தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான இணையக் கருவிகளைப் பிடித்தது. அவற்றைக் கொண்டு நடத்திய தாக்குதலில் டுவிட்டரும் நெட்ஃபிளிக்ஸும் முடங்கின. அக்கருவிகளில் சிலவற்றின் கடவுச்சொல்லை வாங்கியவர் நினைத்தாலும் மாற்ற முடியாது. பிரிட்டன் 2024 ஏப்ரலில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஆலைக் கடவுச்சொற்களைச் சட்டத்தால் தடுத்தது, தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கி. நம் அரசும் அவர்களைத்தான் கேட்க வேண்டும், நம்மையல்ல.