1,000 டாலர் சம்பாதிச்சீங்க... கைக்கு வந்தது எவ்வளவு?

கோயம்புத்தூர்லயோ திருநெல்வேலியிலயோ உட்கார்ந்து அமெரிக்க கம்பெனிக்கு லோகோ டிசைன், வீடியோ எடிட்டிங், கோடிங்னு செஞ்சு கொடுக்கிற ஃப்ரீலான்ஸரா நீங்க? கிளையன்ட்டைப் பிடிக்க எவ்வளவோ மெனக்கெடுவீங்க. ஆனா, "பணத்தை எதுல அனுப்பட்டும்?"னு அவர் கேட்டதும், நண்பர்கள் யாரோ சொன்ன ஆப் பேரைத்தான் பெரும்பாலும் சொல்வீங்க. அந்த ஒரு பதில்ல வருஷத்துக்கு ஒரு மாச வருமானம்கூட காணாமல் போகலாம்.

கட்டணத்தை மட்டும் பார்க்காதீங்க!

பணம் அனுப்பும் நிறுவனங்கள் இரண்டு வழிகளில் சம்பாதிக்கின்றன. ஒன்று, வெளிப்படையாகச் சொல்லும் கட்டணம். இன்னொன்று, டாலரை ரூபாயாக மாற்றும்போது சந்தை விலையைவிடக் குறைத்துக் கொடுப்பது. நம்ம கண்ணுக்குத் தெரியாம போறது இந்த இரண்டாவதுதான்.

கணக்குக்காக 1 டாலர் 90 ரூபாய்னு வெச்சுக்கலாம். 'கட்டணமே இல்லை' என்கிற ஒரு ஆப், டாலருக்கு 87 ரூபாய் கொடுத்தால் உங்களுக்கு வர்றது 87,000 ரூபாய். 15 டாலர் கட்டணம் வாங்கும் இன்னொரு ஆப், முழுசா 90 ரூபாய் கொடுத்தால் 88,650 ரூபாய். இலவசம்னு சொன்னதுலதான் 1,650 ரூபாய் அதிகம் போயிருக்கு. அதனால, 'கட்டணம் எவ்வளவு?' என்பதைவிட, '1,000 டாலருக்கு என் அக்கவுன்ட்ல எத்தனை ரூபாய் விழும்?' என்பதுதான் சரியான கேள்வி.

எது யாருக்கு?

பேபால்: கிளையன்ட்டுக்கு ரொம்ப ஈஸி, கார்டு இருந்தா போதும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு 4 சதவிகிதத்துக்கும் மேல் கட்டணம். கரன்சி மாற்றும்போது பிடிப்பது தனி. வாங்கியவர் 180 நாள்கள் வரை புகார் எழுப்பலாம் என்பதையும் மறந்துடாதீங்க. புதுக் கிளையன்ட், சின்னத் தொகைன்னா சரி. மாசாமாசம் வரும் பணத்துக்கு இது காஸ்ட்லி.

வைஸ்: சந்தை விலையிலேயே மாற்றி, கட்டணத்தைத் தனியாகக் காட்டுவது இதன் ப்ளஸ். அதனால மற்ற ஆப்களோட ஒப்பிட்டுப் பார்க்கவும் இது உதவும்.

பயோனியர்: டாலர், யூரோ, பவுண்டில் பணம் வாங்க கணக்கு விவரங்கள் தருவதால், கிளையன்ட் உள்ளூர் வங்கிக்கு அனுப்புவதுபோல அனுப்பலாம். அப்வொர்க், ஃபைவர் போன்ற தளங்களில் வேலை செய்பவர்களுக்கு வசதி.

வங்கிக்கு நேரடி ஸ்விஃப்ட்: நடுவில் இருக்கும் வங்கிகளும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். 100 டாலருக்கு இது நஷ்டம். பெரிய தொகைன்னா யோசிக்கலாம். உங்கள் வங்கி என்ன ரேட் கொடுக்கும்னு முதல்லயே கேட்டுடுங்க, பேசினா சில வங்கிகள் குறைப்பாங்க.

பணத்தோட பேப்பரும் வரணும்!

நிறைய பேர் கோட்டை விடுற இடம் இது. வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கான சான்றை (எஃப்.ஐ.ஆர்.ஏ) உங்க ஆப் தருதா, அதுக்குத் தனிக் கட்டணமான்னு பாருங்க. ஆண்டு வருமானம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி பதிவு தேவைப்படும். சேவை ஏற்றுமதிக்கு வரி பூஜ்ஜியம்தான். ஆனால், பணம் அந்நியச் செலாவணியாக வந்ததைக் காட்ட இந்தச் சான்று கைகொடுக்கும். பிறகு வீட்டுக்கடன் கேட்கும்போதும் உதவும்.

'ஃபேமிலிக்கு அனுப்புற மாதிரி அனுப்பிடறேன், கட்டணம் மிச்சம்'னு கிளையன்ட் சொன்னால் நோ சொல்லிடுங்க. வெஸ்டர்ன் யூனியன் போன்ற கடைகளில் வாங்கும் முறை, குடும்பச் செலவு போன்ற தனிப்பட்ட பணத்துக்கு மட்டும்தான். ஒரு தடவைக்கு 2,500 டாலர், வருஷத்துக்கு 30 தடவை என்ற வரம்பும் உண்டு. தொழில் வருமானத்தை இந்த வழியில் வாங்கக் கூடாது.

கிரிப்டோவில் சம்பளம் வாங்குவதும் அப்படித்தான். 2022-லிருந்து அதன் லாபத்துக்கு 30 சதவிகித வரி, விற்கும்போது 1 சதவிகித டி.டி.எஸ். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கு. முகம் தெரியாத ஆளுக்கு விற்று வாங்கும் ரூபாய் ஏதாவது சைபர் மோசடிப் பணமாக இருந்தால், முடங்குவது உங்க வங்கிக் கணக்கு.

ஆப்ல பணத்தைத் தூங்க விடாதீங்க!

2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனம் திவாலானது. அதன் பிரிட்டன் கிளையை அந்நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பு முடக்க, அந்தக் கிளை வழங்கிய பயோனியர் கார்டுகளும் சேர்ந்து முடங்கின. சில நாள்களில் தடை நீங்கிவிட்டது. ஆனால், அந்த மாத வாடகையை அந்தக் கார்டில் வைத்திருந்தவருக்கு அந்தச் சில நாள்கள் எப்படிப் போயிருக்கும்னு யோசிங்க.

நம்ம ஊரிலும் விதிகள் இறுகியிருக்கின்றன. 2023 அக்டோபரில், ஏற்றுமதி, இறக்குமதிப் பணத்தைக் கையாளும் நிறுவனங்களை ரிசர்வ் வங்கி தன் நேரடி அனுமதிக்குள் கொண்டுவந்தது. அதன் பிறகு இந்திய ஸ்டார்ட்-அப்களும் இந்தப் போட்டியில் இருக்கின்றன. 'கட்டணம் ரொம்பக் கம்மி'ன்னு புதுசா விளம்பரம் பார்த்தால், அனுமதி பெற்றவர்கள் பட்டியலில் பெயர் இருக்கான்னு ரிசர்வ் வங்கி தளத்தில் பார்த்துட்டு சேருங்க.

இந்த மாசம் ஒண்ணு செய்யுங்க

அடுத்த இரண்டு பேமென்ட்டை இரண்டு வெவ்வேறு வழிகளில் வாங்குங்க. அனுப்பியது எத்தனை டாலர், விழுந்தது எத்தனை ரூபாய், எத்தனை நாள் ஆச்சு, சான்று வந்ததா... இந்த நாலையும் மொபைல் நோட்ஸ்ல எழுதுங்க. ரூபாயை டாலரால் வகுத்து, அன்றைய சந்தை விலையோடு ஒப்பிடுங்க. ஜெயிச்சதை மெயினா வெச்சுக்கோங்க. இன்னொன்றை மூடிடாதீங்க. ஒரு கணக்கு திடீர்னு வெரிஃபிகேஷனுக்காக நின்னாலும், சம்பளம் நிற்காம இருக்கும்.