கையெழுத்துப் போடட்டுமா, தம்பி?

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு வெளியே வந்தபோது கைப்பேசி அடித்தது. சிகாகோவிலிருந்து அக்கா, என் பெரியம்மா மகள். அங்கே இரவு 9 மணி இருக்கும்.

“தம்பி, இவன் கடற்படையில சேரப் போறேங்கிறான். வயசு 17தான் ஆகுது, பெத்தவங்க கையெழுத்து வேணுமாம். போடட்டுமா, வேணாமா?”

அவன் கேட்பது அமெரிக்கக் கடற்படையில் தேடல், மீட்புப் பணி மருத்துவ உதவியாளர் வேலை. கடலில் தத்தளிப்பவரை ஹெலிகாப்டரில் ஏற்றி, பறக்கும்போதே சிகிச்சை தரவேண்டும். தேவைப்பட்டால் தண்ணீரில் தானே இறங்கவேண்டும். அக்காவோ மகனை டாக்டராகப் பார்க்க ஆசைப்படுபவர்.

“டாக்டருக்குப் படியேன்டா” என்று அவனிடமே சொன்னேன்.

“டாக்டர்கிட்ட வந்து சேர்ற வரைக்கும் அந்த ஆளை யாரு மாமா பார்ப்பா?”

மைக் முன்னால் மணிக்கணக்கில் பேசும் எனக்குப் பதில் வரவில்லை. சரி, விவரமாவது தெரிந்துகொள்வோம் என்று ஒரு வாரம் தேடிப் படித்தேன்.

அடிப்படைப் பயிற்சி, சிகாகோவுக்கு வடக்கே மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள கிரேட் லேக்ஸில். அடுத்தது டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் மருத்துவப் பயிற்சி. அதன்பின் ஃபுளோரிடாவில் பென்சகோலா. அங்கேதான் கடினமான பகுதி.

ஹெலிகாப்டர் போன்ற ஒரு கூண்டில் வாரால் கட்டி உட்காரவைத்து, குளத்தில் இறக்கித் தலைகீழாகப் புரட்டுகிறார்கள். கண்ணை மறைத்துவிட்டும் செய்கிறார்கள். பதறாமல் வாரை அவிழ்த்து, வழியைக் கையால் தடவி வெளியே வரவேண்டும். மீட்பு நீச்சல் பயிற்சியில், மூழ்குகிறவர் பயத்தில் நம்மையே கட்டிப்பிடித்து அமுக்கினால் எப்படி விடுவித்துக்கொள்வது என்று பழக்குகிறார்கள். காப்பாற்றப் போனவனும் மூழ்கினால் இரண்டு உயிர் போகும் அல்லவா? இதெல்லாம் முடிந்த பிறகே மீட்பு மருத்துவத்துக்கான தனிப் பயிற்சி. மொத்தத்தில் ஓராண்டுக்கு மேல் ஆகிவிடும்.

வேலை கடலோடு முடிவதில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் விட்பி தீவிலுள்ள கடற்படை மீட்புக் குழு, மலையேறப் போய் அடிபட்ட பொதுமக்களையும் தூக்கி வருகிறது.

ஆனால் நேயர்களே, என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. நடுவில் தேறாமல் போனால் “வீட்டுக்குப் போ” என்று விட்டுவிடமாட்டார்கள். ஒப்பந்த ஆண்டுகள் முடியும்வரை, கடற்படைக்கு எங்கே ஆள் தேவையோ அங்கே போகவேண்டும். அது மருத்துவமனையாக இருக்கலாம், கப்பலாக இருக்கலாம். மரைன் படைப்பிரிவாகவும் இருக்கலாம். மரைன் படைக்கென்று தனி மருத்துவ உதவியாளர்கள் கிடையாது, கடற்படையிலிருந்துதான் போகிறார்கள். அப்படியென்றால் போர்முனைக்கும்தான்.

மறுபடி அழைத்தேன். “ஹெலிகாப்டர் கிடைக்கலைன்னா, கிடைக்கிற வேலையையும் மனசாரச் செய்வியா? ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குன்னு வரிவரியாப் படிச்சியா?”

“யோசிச்சுச் சொல்றேன் மாமா” என்றான். அவன் உடனே ‘ஆமாம்’ சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. “எங்க போட்டாலும் ஒருத்தரைப் பார்த்துக்கிற வேலைதானே மாமா. செய்வேன்.”

“அப்ப 18 ஆகட்டும். அம்மா கையெழுத்தே தேவைப்படாதே?”

“தேவைப்படாது. ஆனா அம்மா போட்டாத்தான் போவேன்.”

நானும் தேசிய சேவை செய்தவன்தான். புலாவ் தெக்கோங்கில் என்னை விட்டுவிட்டுப் படகேறியபோது அம்மா திரும்பிப் பார்க்கவேயில்லை. பார்த்தால் அழுதிருப்பேன் என்று பிறகு சொன்னார். இங்கே அது சட்டம், போய்த்தான் ஆகவேண்டும். மகனை அனுப்பலாமா என்று எந்த அம்மாவும் முடிவெடுக்க வேண்டியதில்லை. அக்கா முடிவெடுக்க வேண்டும். அந்தக் கனத்தை நான் எப்படி வாங்கிக்கொள்வது?

அதனால் ‘போடு’ என்றோ ‘போடாதே’ என்றோ நான் சொல்லவில்லை. படித்ததையும் அவன் சொன்னதையும் அப்படியே சொன்னேன். அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி: “அந்தக் குளம் எவ்வளவு ஆழம் இருக்கும்?”

கையெழுத்து இன்னும் விழவில்லை. ஆனால் போன வாரத்திலிருந்து தினமும் காலை 5 மணிக்கு அவனை நீச்சல் குளத்துக்குக் காரில் கொண்டுபோய் விடுவது அக்காதான்.